பெரட்டுக்களத்தில் வாய் திறக்காத வள்ளியக்கா

வள்ளியக்கா போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் நோர்வூட் பக்கம் போகும் பஸ்ஸின் சாரதி. ஹட்டன் கடைவீதியில், நான் இப்போது வேலை செய்யும் அச்சகத்துக்கு மை வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் பஸ்ஸை ஓரங்கட்டி, தலையை வெளியே நீட்டி, "அண்ணே, ஒங்க பழைய தோட்டத்து வள்ளியக்கா காலையில தவறிட்டாங்க. இன்னைக்கே எடுக்கிறாங்க. வர்றதுன்னா ஏறுங்க" என்றார். பின்னால் வந்த லொறி விடாமல் ஹோர்ன் அடித்தது. மைப் போத்தலும் கையுமாக ஏறிவிட்டேன். பின் ஆசனங்களில், சிவனொளிபாத மலை ஏற நல்லதண்ணிக்குப் போகும் யாத்திரிகர்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் சிலரும் இருந்தார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தோட்டத்துப் பாதையில் ஏறும்போதே சாவுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் சாரதி சொன்னது என் மனதில் உண்மையாக இறங்கியது.

அவரோடு பழகியவர்களுக்கு அவருடைய குரல் மறந்திருக்காது. தண்ணீர்ப் பீலியில் நின்று பேசினால் மேல் லயத்து வீட்டு வரிசை வரைக்கும் கேட்கும். கங்காணி தவறு செய்தால் கங்காணியின் முகத்துக்கு நேரே சொல்வார். கோயில் திருவிழாவில் சோறு குழைந்துவிட்டால் அதையும் சொல்வார். அப்படிப்பட்ட மனுஷி ஒரு நாள், தோட்டமே கூடி நிற்க, தன் வேலையும் வீடும் போகிற நிலையில், ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம் என்று தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றார். இளையவர்கள் பலர் அதைக் காதால் கேட்டிருக்கிறார்கள். நான் பக்கத்தில் நின்றவன்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. வள்ளியக்கா, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரரான பெரிய துரையின் பங்களாவில் துணி துவைக்கும் வேலை செய்தார். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் தங்கம் தலைப்பிரசவத்துக்காக அவரிடம் வந்திருந்தாள். நான் அதே பங்களாவில் படகுக்காரன். கடற்கரையை விட்டு இவ்வளவு தூரத்தில் படகா என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில், தொழிற்சாலைக்கு மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டிய அணையும் அதன் பின்னால் சின்ன ஏரியும் இருந்தன. துரையின் மனைவி துரைசாணிக்குப் பாய்மரப் படகில் போவதென்றால் உயிர். வசந்த காலத்தில் நுவரெலியா ஏரியில் நடக்கும் போட்டிக்குக்கூட படகை லொறியில் ஏற்றிக்கொண்டு போவோம். துரைக்கு அது துளியும் பிடிக்காது. நனைந்த உடுப்போடு திரும்பிவரும் மனைவியைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். படகை விற்றுவிட ஏதாவது ஒரு காரணம் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

படகுக்கென்றே துரைசாணியிடம் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து இருந்தது. ரப்பர் அடி. ஈரப் பலகையில் வழுக்காது. ஆனால் மேஸ் என்னும் காலுறை இல்லாமல் வெறுங்காலில் போடுவது. ஒவ்வொரு முறையும் ஏரித் தண்ணீரில் ஊறுவது. எங்கள் பக்கத்து மழையிலும் பனியிலும் நனைந்த கன்வஸ் எப்போது காய்வது? ஒரு நாள் பங்களா விறாந்தையில் விருந்து நடந்தது. படகிலிருந்து நேரே வந்து உட்கார்ந்த துரைசாணியின் பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாள், மூக்கில் லேஞ்சித் துணியை வைத்துக்கொண்டு, பலகைக்கு அடியில் எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். துரைசாணியும் சேர்ந்து சிரித்தபடி கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டதை, படகுப் பாயை மடித்துக்கொண்டு முற்றத்தில் நின்ற நான் பார்த்தேன்.

மறுநாள் காலை சப்பாத்தை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு துரைசாணி துவைக்கும் கல்லுக்கே வந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். "வள்ளி, நாத்தம். யாருக்கும் சொல்லாதே. துரைக்கும் சொல்லாதே" என்றார். கண் கலங்கியிருந்தது. "சத்தியமா சொல்ல மாட்டேங்க" என்று வள்ளியக்கா ஈரக் கையைத் தலையில் வைத்துச் சொன்னார். சப்பாத்தை ஏரிக்கும் பங்களாவுக்கும் தூக்கித் திரிபவன் என்பதால் எனக்கும் அந்த விஷயம் தெரியவேண்டியிருந்தது. எங்கள் மூவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

வள்ளியக்கா முதலில் நாடாவைக் கழற்றுவார். உள்ளே பாதம் படும் அட்டையை எடுத்துத் தனியாகக் காயவைப்பார். பழைய பிரஷ்ஷில் சவர்க்காரம் தொட்டு உள்பக்கத்தைத் தேய்த்து, நுரை அடியோடு போகும்வரை பீலித் தண்ணீரில் அலசுவார். சவர்க்காரம் உள்ளே தங்கினால் அதுவே ஊறி நாறும் என்பார். பிறகு பழைய பேப்பரைக் கசக்கித் திணிப்பார்; ஈரம் ஏறியதும் எடுத்துவிட்டு வேறு வைப்பார். அடுப்புப் பக்கம் கொண்டுபோக விடமாட்டார், சூட்டில் ரப்பர் பிரிந்துவிடும். காற்றுப் படும் நிழலில்தான் தொங்கும். கடைசியாகத் தேயிலை. பங்களாவில் குடித்து மிஞ்சிய தேயிலைச் சக்கையைப் பிழிந்து, மொரமொரவென்று காயவைத்து, மெல்லிய துணியில் சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டிச் சப்பாத்துக்குள் வைப்பார். மிச்சமிருக்கும் வாடையை அது இழுத்துவிடும். துரைசாணியிடம் சொல்லி இன்னொரு சோடியும் வாங்க வைத்தார். ஒன்று காலில் இருக்கும்போது மற்றது காயும். வாசனைத் தண்ணீர் தெளித்தால் போதாதா என்று ஒருமுறை நான் கேட்டேன். "மேல தெளிச்சு மூடுனா உள்ளுக்க இருந்து நாறும் தம்பி. ஈரத்த வெளியேத்தணும். ஈரம் போனா மத்தது தானா போயிரும்" என்றார்.

பங்களாவில் சக்கையைக் காயவைத்தால் சமையல்கார அப்பு ஏன் எதற்கு என்று கேட்பான். அதனால் வள்ளியக்கா அதை லயத்துக்கு எடுத்துப்போய், தன் வீட்டு வாசலில் சுளகில் பரப்பிக் காயவைத்தார். வினை அங்கேதான் வந்தது.

அந்த மாதங்களில் எங்கள் தொழிற்சாலையிலிருந்து தேயிலைத் தூள் களவு போய்க்கொண்டிருந்தது. வெளியில் யாரோ அதில் பழைய சக்கையைக் கலந்து விற்பதாகவும் பேச்சு. துரை, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் நின்று, யார் வீட்டில் தூள் அகப்பட்டாலும் அன்றே வேலை இல்லை, குடியிருக்கும் லயக் காம்பராவும் இல்லை என்று சொல்லியிருந்தார். தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கைக் கூப்பிட்டு, களவைப் பிடி, இல்லாவிட்டால் நீ போ என்றும் சொல்லியிருந்தாராம். இது பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. கண்டாக்கு காவற்காரர்களைக் கூட்டிக்கொண்டு லயம் லயமாகத் தேடினார். ஒரு பிற்பகலில் வள்ளியக்கா வீட்டு வாசலில் சுளகு நிறைய உலர்ந்த தேயிலையைக் கண்டார்.

வள்ளியக்கா அப்போது பங்களாவில் இருந்தார். நிறைமாதத்துத் தங்கம் மட்டும்தான் வீட்டில். சுளகோடு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பங்களாவுக்கு ஏறி வந்து சொன்னாள். நான் உடனே துரைசாணியிடம் ஓடினேன். அவர் தோட்டத்தில் பூ வெட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, "நீங்க ஒரு வார்த்தை தொரைகிட்ட சொன்னா முடிஞ்சிருங்கம்மா" என்றேன். அவருடைய முகம் வெளுத்துவிட்டது. கத்தரிக்கோலைக் கூடையில் போட்டார். "எனக்குத் தெரியாது" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இதை வள்ளியக்காவிடம் வந்து சொன்னேன். "நாளைக்குப் பெரட்டுல தொரை கேக்கும்போது நீங்களே சொல்லிருங்கக்கா. அவங்களே கைய விட்டுட்டாங்க. நீங்க எதுக்கு மறைக்கணும்?"

"அவங்க வந்து சொல்லணும்னு நான் கேட்டேனா?"

"வீட்ட விட்டுத் தொரத்துவாங்கக்கா. இந்த மழையில தங்கத்த எங்க கொண்டுபோய் வைப்பீங்க?"

ஏரியிலிருந்து அன்று வந்த ஈரச் சப்பாத்தை எடுத்துப் பார்த்தார். "இத இன்னைக்குத் தொடாத. அப்படியே இருக்கட்டும். காஞ்ச சோடியையும் சேத்துக் கூடையில போட்டு, மூடிக் காலையில எடுத்துட்டு வா" என்றார். எதற்கு என்று நான் கேட்பதற்குள் தங்கத்தைக் கூட்டிக்கொண்டு லயத்துக்கு இறங்கிவிட்டார்.

மறுநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடைகளோடு நின்றார்கள். மேசையில் சுளகு இருந்தது. துரை ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு வள்ளியக்காவை முன்னால் வரச் சொன்னார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும்.

"இது யாருடையது?"

"என் வீட்டுல இருந்ததுதாங்க."

"தொழிற்சாலைத் தூளா?"

"இல்லைங்க தொரை. பங்களாவுல குடிச்சுட்டுக் கொட்டுற சக்கைங்க."

கண்டாக்கு குறுக்கே வந்தார். "அதத்தான் நானும் சொல்றேன் தொரை. சக்கையக் காயவச்சு நல்ல தூள்ல கலந்து விக்கிறாங்க. இல்லாட்டி சக்கைய எதுக்குக் காயவைக்கிறது? சொல்லச் சொல்லுங்க."

துரை திரும்பினார். "சொல்லு. எதற்கு?"

வள்ளியக்கா தலையைக் குனியவில்லை. நேரே பார்த்துக்கொண்டு நின்றார். பதில் மட்டும் வரவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எடுத்தது உண்மைதானோ என்று யாரோ கேட்டது என் காதில் விழுந்தது. தங்கம் ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. "தொரை, நான் சொல்றேங்க" என்று சப்பாத்துக் கூடையோடு ஓரடி முன்னே வைத்தேன்.

"தம்பி! வாய மூடு" என்றார் வள்ளியக்கா. அதட்டல்தான். ஆனால் அவர் கண்ணில் இருந்தது கெஞ்சல். நான் நின்றுவிட்டேன்.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பொழுது சாய்வதற்குள் காம்பராவைக் காலி செய்" என்றார். எல்லோரும் கொழுந்து பறிக்கத் தேயிலை மலைக்குப் போகலாம் என்று கண்டாக்கு விசில் ஊதினார். யாரும் நகரவில்லை. மறுபடியும் ஊதினார். கொழுந்துக் கூடையை முதலில் தரையில் இறக்கி வைத்தவள் என் மனைவி. அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவளைத் தொடர்ந்து ஒவ்வொரு பெண்ணாகக் கூடையை இறக்கினார்கள். சத்தமோ கோஷமோ இல்லை. மழையில் அப்படியே நின்றார்கள். துரையின் கழுத்து சிவந்து வருவதைப் பார்த்தேன். காவற்காரர்கள் கம்பை இறுக்கிப் பிடித்தார்கள். அடுத்து என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் வள்ளியக்கா பேசினார். "தொரை, எதுக்குன்னு சொல்றேங்க. ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். கந்தோருக்குள்ள வாங்க. கூடையோட இந்தத் தம்பியும் வரட்டும்."

ஒரு துவைக்கும் பெண் துரையைத் தன் பின்னால் வரச் சொல்வதை அந்தக் களம் அதற்கு முன் கண்டதில்லை. அவர் மறுத்துவிடுவார் என்றே நினைத்தேன். இறக்கி வைத்திருந்த கூடைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு களத்தோரத்துத் தோட்ட அலுவலகமான கந்தோரை நோக்கி நடந்தார். பின்னாலேயே வந்த கண்டாக்கை வள்ளியக்கா வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மூடியத் தெறங்க தொரை."

துரை கூடையின் மூடியைத் திறந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் சின்ன அறையில் எனக்கே மூச்சு முட்டியது.

"அது நேத்து ஏரியிலேருந்து வந்தது. நான் இன்னும் தொடலைங்க. இப்ப மத்த சோடிய எடுத்து மோந்து பாருங்க. உள்ளுக்க இருக்கிற முடிச்ச அவுத்துப் பாருங்க."

காய்ந்த சோடியை அவர் மூக்கருகே கொண்டுபோனார். முடிச்சை அவிழ்த்தார். சுளகில் இருந்த அதே சக்கை மேசையில் உதிர்ந்தது. அது யாருடைய சப்பாத்து என்று வள்ளியக்கா அங்கேயும் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கவில்லை, குதிகாலின் உள்பக்கத்தில் துரைசாணியின் பெயரெழுத்து மையில் இருந்தது. துரை அதை விரலால் தடவிப் பார்த்தார். வெளியே மழை வலுத்தது.

"இதை ஏன் அங்கே சொல்லவில்லை?"

"அங்க தோட்டமே நிக்குதுங்க. அவங்களும் ஒரு பொம்பளதானுங்களே."

"என்னிடமாவது முன்பே சொல்லியிருக்கலாம்."

"ஒங்ககிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. இப்ப எம் புள்ள ரோட்டுல நிக்கப்போறா. வெளிய அத்தன பொம்பளைங்க எனக்காக நனையிறாங்க. அதுக்கு மேல என்னால முடியல தொரை. இத வச்சு அவங்கள ஏசிறாதீங்க. படகையும் வித்துறாதீங்க."

துரை வெளியே வந்தார். "இந்தப் பெண் மேல் குற்றம் இல்லை" என்று மட்டும் சொன்னார். என்ன காரணம் என்று கண்டாக்கு மெதுவாகக் கேட்டார். "குற்றம் இல்லை என்றேன்" என்றார் துரை. பெண்கள் கூடையைத் தூக்கினார்கள். வள்ளியக்கா நேரே கண்டாக்கிடம் போனார். ஏதோ நடக்கப்போகிறது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். "ஐயா, சுளகு என்னுது. திருப்பிக் குடுத்துருங்க" என்றார். அவர் எடுத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு துரை அவரைப் பங்களாவில் வைத்துக்கொள்ளவில்லை. கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார். தன் வீட்டு ரகசியம் தெரிந்தவரை எதிரில் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை போலும். "கல்லுல குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. மலைதான் தேவல" என்று வள்ளியக்கா சிரித்தார். தங்கத்துக்கு அதே காம்பராவில் சுகப்பிரசவம் ஆனது. தூள் களவு போனது தொழிற்சாலைக்கு உள்ளிருந்த ஆளால் என்று பின்னால் தெரிந்தது. படகும் ஏரியில் இருந்தது. ஒரு பிற்பகல் துரைசாணி சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு லயத்துப் பீலிக்கே வந்தார். வள்ளியக்கா அதை வாங்கிக்கொள்ளவில்லை. "ஒக்காருங்க, சொல்லித் தாரேன். நீங்களே செய்ங்க" என்றார். துரைசாணி கல்லில் உட்கார்ந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். இருவரும் அந்தக் காலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். சில வருடங்கள் கழித்துத் துரை வேலையை விட்டுச் சீமைக்குப் புறப்பட்டார். அதே பெரட்டுக்களத்தில் மாலை போட்டு வழியனுப்பினோம். யாரும் எதிர்பாராமல் துரைசாணி முன்னால் வந்து பேசினார். தமிழை மனப்பாடம் செய்து வந்திருந்தார். "அன்று வள்ளி தேயிலை திருடவில்லை. என் சப்பாத்து நாத்தம். வள்ளி அதைச் சுத்தம் செய்தாள். எனக்குத் தெரியாது என்று நான் சொன்னேன். அது பொய்." துரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தின் நடுவிலிருந்து வள்ளியக்காவின் குரல் மட்டும் வந்தது: "அதெல்லாம் இப்ப எதுக்குங்கம்மா. மழ வரப்போகுது, நல்லபடியா போயிட்டு வாங்க." அப்புறம்தான் எல்லோரும் சிரித்தோம். துரைசாணி சிரித்துக்கொண்டே அழுதார். ரகசியத்தை அவிழ்த்தவர் அதற்கு உரியவரே. அதனால் நான் எழுதுகிறேன்.

வள்ளியக்காவைத் தேயிலை மலைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். திரும்பி வரும்போது வாசகசாலை இளைஞர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எழுதுங்கண்ணே. அந்தக் கண்டாக்கோட பேரையும் போட்டு எழுதுங்க. ஊருக்குத் தெரியட்டும்" என்றார்கள். கண்டாக்கு இப்போது ஓய்வுபெற்று, மகன் வீட்டில் இருக்கிறார். அன்று மாலையே அங்கே போனேன். வாசலில் கொஞ்சம் நின்றேன். திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஐயா, வள்ளியக்காவப் பத்தி எழுதப்போறேன். அந்தப் பெரட்டும் அதுல வரும். ஒங்க பேரு வராது. நீங்க செஞ்சது வரும். அச்சுல வர்றதுக்கு முந்தி எங்கிட்டேருந்தே நீங்க கேட்டுக்கணும்னு வந்தேன்."

அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெள்ளைச் சட்டையும் வேட்டியும் உடுத்தியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"எடுத்தாச்சுங்க."

"அங்க வரத்தான் காலையிலேயே உடுத்திட்டேன். படியத் தாண்ட முடியல" என்றார்.

சிறிது நேரம் கூடவே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன். ஒருவரைப் பற்றி நாலு பேருக்கு முன்னால் சொல்லவேண்டியதை, முதலில் அவரிடமே தனியாகப் போய்ச் சொல்வது. வள்ளியக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அவரைப் போல நிமிர்ந்து நின்று சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் போய்ச் சொல்கிறேன்.